வெள்ளம் வரும் ஊரில் சமூகக்கூடம்: வரைபடத்திலேயே தொடங்கும் தவறுகள்

கடலோர நகரத்தில் சமூகக்கூடம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் உள்ளே வராமல் எப்படித் தடுப்பது என்றுதான். வந்துவிட்டால் கட்டடம் என்ன செய்யும் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. பல தவறுகள் அங்கேதான் முளைக்கின்றன.

சுவரையும் கதவையும் இறுக அடைப்பது அதில் ஒன்று. வெளியே 1 மீட்டர் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் அழுத்தம் விழும். உள்ளே தண்ணீர் இல்லாமல் இருந்தால் சாதாரணச் செங்கல் சுவர் சரிந்துவிடலாம். தரைத்தளத்தில் எதிரெதிரே திறப்புகள் விட்டு, தண்ணீரை வந்துபோக விடுவதே நல்லது. அங்கே ஜிப்சம் பலகையும் பிளைவுட்டும் வேண்டாம். கழுவிக் காயவைக்கக்கூடிய பொருள்களே போதும்.

சரி, தூண்மேல் உயர்த்திக் கட்டிவிட்டோம் என்கிறீர்களா? சில வருடங்களில் கீழே உள்ள காலியிடத்தைச் சுவர் எழுப்பிச் சாமான் அறையாக்கிவிடுவார்கள். தண்ணீர் போக வழியிருக்காது. அந்த இடத்துக்குச் சந்தை, விளையாட்டு என்று ஒரு பயனை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013-ல் திறந்த பெந்தம்பிளைன் சதுக்கம் வெயில் நாளில் விளையாட்டுத் திடல்; பெருமழையில் 17 லட்சம் லிட்டர் தேக்கும் தொட்டி.

மின்சாரத்தில் பாதி வேலை செய்வது ஆபத்து. 2012-ல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் பேஸ்மென்ட்டில் மூழ்கின. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அப்படியும் கடைசியில் மருத்துவமனையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஸ்விட்ச் போர்டு, பம்பு, டேங்க், வயர் என்று முழுத் தொடரையும் வெள்ளமட்டத்துக்கு மேலே கொண்டுபோங்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது, மனிதர்களைக் கேட்காமல் வரைவது. வங்கதேசத்தில் 1991 புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆடுமாடுகளை விட்டுவர மனமில்லாமலும், பெண்களுக்குத் தனி இடம் இல்லாததாலும் பலர் புயல் கூடங்களுக்குப் போகவில்லை. பின்னால் கட்டிய பல கூடங்களில் பெண்களுக்குத் தனி அறையும், கால்நடை ஏறச் சாய்தளமும் சேர்ந்தன. அவற்றில் பல மற்ற நாள்களில் பள்ளிக்கூடங்கள். குழந்தைகள் தினமும் ஏறும் படி, இருட்டிலும் கால் அறியும் படி.

அப்புறம் சாவி. அது ஒரே அலுவலரிடம் இருந்தால், அவர் வீடும் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் மூன்று வீடுகளிலாவது ஒவ்வொரு சாவி இருக்கட்டும்.