அமெரிக்காவில் நர்சிங் உதவியாளர் பணிக்கு மாறுவது எப்படி?

கடையிலோ கிடங்கிலோ பல ஆண்டுகள் உழைத்த பின் மருத்துவத் துறைக்கு வர விரும்பும் அமெரிக்கத் தமிழர்களுக்கு, சி.என்.ஏ. எனப்படும் நர்சிங் உதவியாளர் பணியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1987-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் இதற்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியைத்தான் கேட்கிறது. மாநிலங்கள் இதைக் கூட்டிக்கொள்ளலாம்; நியூ ஜெர்சியில் 90 மணி, கலிபோர்னியாவில் 160 மணி.

முதலில், வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் பணி அனுமதி அட்டை இல்லாமல் சம்பள வேலையில் சேர முடியாது. குளிப்பாட்டுதல், டயப்பர் மாற்றுதல், ஊட்டிவிடுதல், படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவைதாம் அன்றாட வேலை என்பதையும், சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பயிற்சி. இங்கேதான் பலர் தேவையின்றிப் பணத்தை இழக்கிறார்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களான மெடிகேர், மெடிகெய்ட் ஆகியவற்றின் நிதி பெறும் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்று உங்களை வேலைக்கு எடுத்திருந்தாலோ, வேலை தருவதாக உறுதியளித்திருந்தாலோ, பயிற்சிக்கும் தேர்வுக்கும் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தப் பணத்தில் படித்தவர்களும், படிப்பு முடிந்த 12 மாதங்களுக்குள் அத்தகைய இல்லத்தில் சேர்ந்தால், பணிக்காலத்துக்கு ஏற்பச் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆகவே கட்டணம் செலுத்தும் முன் அருகிலுள்ள இல்லங்களைத் தொலைபேசியில் அழைத்து, பயிற்சியுடன் வேலை தருகிறார்களா என்று கேளுங்கள். தனியார் வகுப்பில்தான் சேர வேண்டியிருந்தால், அதன் பெயர் மாநில அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை நீங்களே சரிபாருங்கள். வகுப்பு நடத்துபவரின் வாய்ச்சொல் போதாது.

பயிற்சியில் குறைந்தது 16 மணி நேரம் கண்காணிப்பின்கீழ் செய்முறையாக இருக்கும். அதில் கற்கும் ஒன்றைப் பாருங்கள். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்த முதியவருக்குச் சட்டை போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது வலுவான கையை முதலில் விடுவிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தளர்ந்த தோள் இழுபட்டு வலிக்கும். இதை வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, கை தானாகவே வரிசையைப் பின்பற்றும் வரை பழகுங்கள்.

தேர்வில் அறிவுத் தேர்வு, செய்முறைத் தேர்வு என இரண்டு பகுதிகள். ஆங்கிலத்தில் வாசிப்பது கடினம் என்பவர்கள் முதல் பகுதியை வாய்மொழித் தேர்வாகக் கேட்டுப் பெறலாம். செய்முறையில் பல மாநிலங்கள் ஐந்து செயல்களைச் செய்யச் சொல்கின்றன. கை கழுவுதல் அவற்றில் கட்டாயம் இருக்கும். விரல் நுனிகள் கீழ்நோக்கி இருக்கட்டும். குழாயைக் காகிதத் துண்டால் மூடுங்கள். சக்கர நாற்காலிக்கு மாற்றும் முன் பிரேக் போடுவதையும், கிளம்பும் முன் அழைப்பு மணியை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதையும் மறக்காதீர்கள். தவறினாலும் குறைந்தது மூன்று வாய்ப்புகள் சட்டப்படி உண்டு.

தேறியதும் உங்கள் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். அதன்பின் ஆண்டுக்கு 12 மணி நேரப் பணியிடைப் பயிற்சியை இல்லமே நடத்தும். தொடர்ந்து 24 மாதங்கள் சம்பளத்துடன் இப்பணியைச் செய்யாதவர்கள் மீண்டும் பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டியிருக்கும் என்பதால், பெற்றோரைக் கவனிக்க நீண்ட காலம் ஊருக்குச் செல்ல நினைப்பவர்கள், கடைசியாகப் பணி செய்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தக் கெடு முடியும் முன் திரும்பும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள்.