997 வந்தால் பதறாதீர்கள்: விண்டோஸில் ஓவர்லேப்டு முறையில் கோப்பு வாசிப்பது

ஓவர்லேப்டு என்றால், வாசிக்கச் சொல்லிவிட்டு அது முடியும்வரை காத்திராமல் வேறு வேலை பார்ப்பது. சி தெரியும், விஷுவல் ஸ்டுடியோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நேராக உள்ளே போவோம்.

1. கிரியேட்ஃபைல் அழைப்பில் ஃபைல்_ஃபிளாக்_ஓவர்லேப்டு ஃபிளாக்கைச் சேருங்கள். திறக்க முடியாமல் போனால் திரும்பி வருவது நல் (NULL) அல்ல, மைனஸ் 1. NULL-ஆ என்று மட்டும் பார்த்தால் தோல்வி கண்ணில் படாது.

2. கிரியேட்ஐஓகம்ப்ளீஷன்போர்ட் மூலம் கிரியேட்ஃபைல் தந்த ஹேண்டிலைப் போர்ட்டோடு இணையுங்கள். வாசிப்பு முடிந்ததும் அதற்கான அறிவிப்பு (பாக்கெட்) வந்து சேரும் வரிசைதான் போர்ட். இது தோற்றால் மட்டும் நல்தான் வரும்! விண்டோஸில் இந்தக் குழப்பம் பழகிவிடும்.

3. ஓவர்லேப்டு ஸ்ட்ரக்சரைப் பூஜ்யமாக்கி, ஆஃப்செட்டை (கோப்பில் எந்த இடத்திலிருந்து வாசிப்பது) நிரப்புங்கள். 64 கேபி துண்டுகள் என்றால் 0, 65536, 131072 என்று போகும். எதுவரை வாசித்தோம் என்ற கணக்கு நம்முடையது. ஆஃப்செட்டை ஏற்ற மறந்தால் முதல் துண்டே திரும்பத் திரும்ப வரும். 4 ஜிபி தாண்டினால் ஆஃப்செட்டின் மேல்பாதியான ஆஃப்செட்ஹையும் வேண்டும்.

பலரும் விழுகிற குழி இங்கேதான். ஸ்ட்ரக்சரை ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளாக வைத்தால், ஃபங்ஷன் முடிந்த பிறகும் கெர்னல் அதே முகவரியில் எழுதும். அதற்குள் அந்த ஸ்டாக் இடம் வேறொரு ஃபங்ஷனுக்குப் போயிருக்கும். கிராஷ் சம்பந்தமே இல்லாத வரியில் வரும். ஆகவே ஓவர்லேப்டு முதல் உறுப்பாகவும் பஃபர் அடுத்ததாகவும் ஒரே ஸ்ட்ரக்சர் செய்து மேலாக்கில் எடுங்கள்.

4. ரீட்ஃபைல் ஃபால்ஸ் தந்து கெட்லாஸ்ட்எரர் 997 என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 38 போன்ற வேறு எண் என்றால் (38 கோப்பின் முடிவு) பாக்கெட் வராது. மெமரியை அங்கேயே விடுவியுங்கள்.

ட்ரூ வந்தால்? டேட்டா கேஷில் இருந்து உடனே கிடைத்துவிட்டது. ஆனாலும் போர்ட்டுக்குப் பாக்கெட் வரும். இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை என்று ஃப்ரீ செய்தால் ஹீப் கெடும். ட்ரூ வந்தால் எதையும் தொடாதீர்கள்.

5. போர்ட்டிலிருந்து பாக்கெட்டை எடுக்கும் கெட்க்யூடுகம்ப்ளீஷன்ஸ்டேட்டஸ் ஃபால்ஸ் தந்தாலும் ஓவர்லேப்டு முகவரியைப் பாருங்கள். முகவரி இருந்தால் அந்த வாசிப்பு தோற்றது, பாக்கெட் வந்துவிட்டது, ஃப்ரீ செய்யலாம். நல் என்றால் பாக்கெட்டே வரவில்லை.

லினக்ஸின் ஈபோல் பழகியவர்களுக்கு: அது 'வாசிக்கலாம்' என்று சொல்லும், இது 'வாசித்தாயிற்று' என்று சொல்லும்.

பிழை தேட பிரிண்ட்எஃப் வேண்டாம்; அது நேரத்தை மாற்றிப் பிழையை மறைத்துவிடும். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அப்ளிகேஷன் வெரிஃபையரில் ஹீப்ஸைத் தேர்ந்தெடுத்து விண்டிபிஜி டீபக்கரில் ஓட்டுங்கள். இரண்டாவது ஃப்ரீ நடக்கும் வரியிலேயே நிற்கும்.

சேர்க்கை: பாதியில் நிறுத்த கேன்சல்ஐஓஇஎக்ஸ் அழைத்ததும் ஃப்ரீ செய்யக் கூடாது. அது வெறும் வேண்டுகோள். வழக்கமாக 995 (ரத்தானது) என்ற பிழையோடு பாக்கெட் வரும், சில சமயம் வாசிப்பு முந்திக்கொண்டு வெற்றியாகவே முடிந்திருக்கும். எதுவானாலும் அந்தப் பாக்கெட் கைக்கு வந்த பிறகுதான் ஃப்ரீ.