காசல்ரீயில் துடுப்புப் படகு: முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு

பெந்தோட்டை ஆற்றிலோ நீர்கொழும்புக் களப்பிலோ உல்லாசப் படகான யாட்டில் ஆறுதலாகச் சுற்றும் ஆசை உள்ளவர்களும் முதலில் பழக வேண்டியது துடுப்புத்தான். யாட்டை நங்கூரம் போட்டு நிறுத்தினால் கரைக்கு வந்துபோவது சிறு படகில். அதைப் பழக ஹட்டன் பக்கத்து ஆட்களுக்குக் காசல்ரீ வசதி. ஆனால் அது இயற்கையான ஏரி அல்ல. கெசல்கமுவ ஓயாவை மறித்து 1965இல் கட்டிய நீர்த்தேக்கம். தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போவதால் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

புறப்படுமுன்

காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் இறங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மலை இடுக்கால் காற்று திடீரென்று அடிக்கும். புதியவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடுவது நல்லது. நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாயும் நாளில் படகே வேண்டாம். அணைக்கட்டுப் பக்கம் எந்த நாளும் போகாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களைப் பூட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுத்துப் பார்க்கட்டும். நாடி வரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். சுவெட்டர் உள்ளே, ஜாக்கெட் வெளியே. 10 மில்லிமீற்றர் தடிப்பில் 8 மீற்றர் நைலோன் கயிறு, ஒரு விசில், தண்ணீர் இறைக்க வாய் வெட்டிய 5 லீற்றர் கேன் ஆகியவை போதும். கேனைப் படகோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரம் அது மிதந்து போயிருக்கும்.

ஏறி உட்காருதல்

படகின் ஓரத்தில் மிதித்தால் சரியும். குனிந்து, இரண்டு கையாலும் இரு பக்கமும் பிடித்து, அடித்தளத்தின் நடுவில் கால் வையுங்கள். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும்.

வலித்தல்

துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். துடுப்பின் தட்டு நிமிர்ந்து, நீர் அதை மூடும் அளவுக்கு மட்டும் இறங்கட்டும். அதற்குக் கீழே போனால் தட்டு நீருக்குள் சிக்கி, கைப்பிடி நெஞ்சில் இடிக்கும். முதல் நாளில் அநேகமாக எல்லோருக்கும் இது நடக்கும். காலை ஊன்றி முதுகைச் சாய்த்து இழுங்கள், கை கடைசியில் மடியட்டும். கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் விட்டுவிடும்.

நேராகப் போக, விட்டு வந்த கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடியுங்கள்: கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் மேலே தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை. கோபுரம் கூரையை விட்டு இடப்பக்கம் நகர்ந்தால், நீங்கள் உங்கள் வலக்கைப் பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள். வலக்கைத் துடுப்பை இரண்டு தடவை கூடுதலாக இழுத்தால் கோடு மறுபடி சேரும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் எதிரே என்ன வருகிறது என்று இடைக்கிடை திரும்பிப் பாருங்கள்.

போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். மூடுபனி இறங்கினால் கரையை ஒட்டி வாருங்கள், ஆனால் மெதுவாக. மட்டம் குறைந்த நாட்களில் மரக்கட்டைகள் நீருக்குச் சற்றுக் கீழே நிற்கும். வறட்சியில் பக்கத்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கட்டடங்களே வெளியே தெரியும்.

கட்டுதல்

கயிற்றில் சிறு வளையம் போடுங்கள். நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, படகுக்குப் போகும் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே வளையத்துக்குள் இறக்கி இறுக்குங்கள். இந்த முடிச்சு வழுக்காது. நனைந்தாலும் விரலால் அவிழ்க்கலாம்.

கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். மட்டம் இறங்கினால் படகின் மூக்கு கரையில் தொங்கும், பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறும். சற்று நேரம் நிறுத்த ஒன்றரை மீற்றர் தளர்வு விட்டால் போதும். இரவுக்கு என்றால் கரையில் நன்றாக மேலே இழுத்து, மழைநீர் நிரம்பாதபடி கவிழ்த்துப் போட்டு, மரத்தோடு கட்டிவிடுங்கள்.