தாயகம் போகமுன்: கைத்தொலைபேசி களவுபோனாலும் விவரங்கள் போகாதிருக்க

ஊரில் கைத்தொலைபேசி களவுபோனால் புதிது வாங்கலாம். உங்கள் வெளிநாட்டு இலக்கம் பிறர் கைக்குப் போனால்தான் பெரிய தலையிடி. வங்கி அனுப்பும் குறியீடு, மின்னஞ்சல், வட்ஸ்அப் எல்லாமே அந்த ஒரு இலக்கத்தை நம்பியிருக்கின்றன. கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவற்றை விமானம் ஏறமுன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் டயலொக் அல்லது மொபிட்டெல் சிம் வாங்கிப் போட்டுவிட்டு, கனடா, லண்டன் சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைப்பது நம்மவர் வழக்கம். பணப்பை தொலைந்தால், எடுத்தவர் அந்தச் சிம்மை வேறொரு தொலைபேசியில் போட்டு உங்கள் வங்கிக் குறியீட்டைப் பெறலாம். தொலைபேசியின் பூட்டு சிம்மைக் காக்காது; சிம்முக்கென்று தனி பின் (PIN) எனும் இரகசிய எண் இருக்கிறது. செற்றிங்ஸின் தேடல் பெட்டியில் ஐபோனில் 'சிம் பின்', அன்ட்ரொயிட்டில் 'சிம் லொக்' என்று தேடினால் கிடைக்கும். அதை இயக்கும்போது, நிறுவனம் முதலில் இட்ட பின்னைக் கேட்கும். ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று தடவை பிழைத்தால் பியூகே (PUK) எனும், பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்ணைக் கேட்கும். அதுவும் பத்துத் தடவை பிழைத்தால் சிம் செத்துவிடும். நிறுவனத்திடம் கேட்டு அறிந்து, உடனே உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். தொலைபேசிக்குள்ளேயே பதியும் ஈசிம்முக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது, அதைக் கழற்றவே முடியாது.

பூட்டிய திரையில் குறுஞ்செய்தி முழுதாகத் தெரிவதை நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க பின் வையுங்கள். இல்லையேல் உங்கள் பெயரில் அண்ணாவிடமும் மச்சாளிடமும் "அவசரமாகக் காசு அனுப்புங்கோ" என்று செய்தி போகும். அவர்களும் நம்பி அனுப்பிவிடுவார்கள். கடவுச்சீட்டு, வங்கி அட்டைப் படங்கள் கலரியில் இருந்தால் அழியுங்கள், அழித்தவை தங்கும் கோப்புறையிலிருந்தும் சேர்த்து.

ஐபோனில் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்' 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 உடன் வந்தது. உங்கள் கடவெண்ணைத் தோளுக்கு மேலால் பார்த்தவர்கூட, உங்கள் முகமோ விரலோ இல்லாமல் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்க முடியாது. அப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணிநேரம் காத்திருக்கவும் வேண்டும். அதில் 'ஓல்வேய்ஸ்' என்பதையே தெரிவுசெய்யுங்கள். மற்றத் தெரிவு பழகிய இடங்களில் தளர்ந்துவிடும். மாமி வீட்டில் நெடுநாள் தங்கினால் அதையும் தொலைபேசி பழகிய இடமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அன்ட்ரொயிட்டில் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' பகுதியை இயக்கினால், பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

பலர் அகப்படும் பொறி வேறு. தொலைந்த தொலைபேசியைத் தேட கூகுள் கணக்குக்குள் நுழையும்போது, உறுதிப்படுத்தும் குறியீடு தொலைந்த தொலைபேசிக்கே போகும். கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பயணப்பெட்டியில் வையுங்கள். அப்பிள் கணக்கில் வீட்டிலிருக்கும் ஒருவரின் இலக்கத்தையும் நம்பகமான இலக்கமாகச் சேருங்கள். அதே தாளில் *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (உங்கள் கருவியின் அடையாள எண்), வங்கியின் வெளிநாட்டு அழைப்பு இலக்கத்தையும் எழுதுங்கள். அட்டையின் பின்புறமுள்ள கட்டணமில்லா இலக்கம் இலங்கையிலிருந்து பெரும்பாலும் வேலை செய்யாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையின்றி வேட்டியோடுதான் உள்ளே போவார்கள். இடுப்பில் செருகிய தொலைபேசியை நெரிசலில் யாராவது உருவினாலும் தெரியாது. தேர்த் திருவிழாவன்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

களவுபோய்விட்டதா? உறவினர் ஒருவரின் தொலைபேசியை வாங்கி முதலில் உங்கள் கருவியைப் பூட்டுங்கள். ஐபோன் என்றால், அப்பிளின் ஐகிளவுட் தளத்தின் 'ஃபைண்ட் டிவைசஸ்' பக்கத்துக்குக் கடவுச்சொல் மட்டும் போதும், குறியீடு தேவையில்லை. பிறகு சிம் நிறுவனம், வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொல் என்ற வரிசையில் போங்கள். அன்ட்ரொயிட்டில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் அதற்குப் பின் இருக்கும் இடம் தெரியாது, ஆகவே பூட்டிவிட்டு இடத்தைப் பார்த்த பிறகே அழியுங்கள். வரைபடம் காட்டும் வீட்டுக்குத் தனியே போகவேண்டாம். பொலிஸ் நிலையத்தில் ஐஎம்இஐ எண்ணோடு முறைப்பாடு கொடுத்துப் பிரதி கேளுங்கள். காப்புறுதி நிறுவனம் அதைக் கேட்கும்.

சில நாளில் "உங்கள் ஐபோன் கிடைத்துள்ளது" என்று ஓர் இணைப்போடு குறுஞ்செய்தி வரலாம். அதைத் தொடாதீர்கள். கருவியைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி யார் கேட்டாலும் நீக்காதீர்கள். நீக்கினால் பூட்டு விலகி, திருடியவர் அதை விற்கலாம்.