எம்ஜிபி காரில் கார்பெட் மாற்றுவது எப்படி?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி, பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கைவேலை பழக நினைப்பவர்களுக்கு ஏற்ற வண்டி. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்ததால் உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. கார்பெட் மாற்றுவதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். ஒட்டுகிற வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ஆனால் இந்தக் காரில் கார்பெட்டைக் கெடுப்பது வயதைவிடத் தண்ணீர்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால், அதுவும் ஊறி, அதன் அடியில் தரையும் துருப்பிடிக்கும். அதனால் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

வாங்கும்போது

மூன்று விஷயங்களைச் சொல்லி ஆர்டர் செய்யுங்கள்: தயாரிப்பு ஆண்டு, ரோட்ஸ்டரா (கூரையைத் திறக்கும் வகை) ஜிடியா (நிலையான கூரை உள்ள வகை), ஸ்டியரிங் எந்தப் பக்கம். எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. அதனால் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கான செட்டுகளும் சந்தையில் நிறைய இருக்கும். வலப்பக்க வண்டியில் அவற்றின் முன்பகுதித் துண்டுகள் பொருந்தாது.

நைலானா கம்பளியா? கம்பளி பார்க்க அழகு, விலையும் அதிகம். கூரையைத் திறந்து ஓட்டுகிற வண்டிக்கு நான் நைலானைத்தான் சொல்வேன், சீக்கிரம் காயும். ஓரம் தைத்திருக்கிறதா, ஓட்டுநர் குதிகால் படும் இடத்தில் தடித்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி வந்ததும் துண்டுகளை விரித்துப் போடுங்கள், மடிப்பு தானாகத் தளரும்.

பேட்டரியைக் கழற்றுங்கள்

எம்ஜிபியின் பேட்டரி சீட்டுகளுக்குப் பின்னால், தரைமூடிக்கு அடியில் இருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை 6 வோல்ட் பேட்டரி இரண்டு, அதற்குப் பிறகு 12 வோல்ட் ஒன்று. முதலில் எர்த் வயரைக் கழற்ற வேண்டும். ஆனால் 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். 'மைனஸை முதலில் எடு' என்ற பொதுப்பாடம் அங்கே தலைகீழ். எந்த வயர் நேராகப் பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அதைக் கழற்றுங்கள்.

சீட்டும் மற்றவையும்

ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு போல்ட். சீட்டைப் பின்னால் தள்ளி முன்னிரண்டு, முன்னால் இழுத்துப் பின்னிரண்டு. இந்த போல்ட்டுகள் இறங்கும் நட்டுகள் தரையோடு சேர்ந்தவை. அவற்றின் அடிப்பக்கம் சாலையைப் பார்த்தபடி இருப்பதால் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே அடியிலிருந்து துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். அடியில் போவதென்றால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியிருக்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது. ஸ்பேனர் அரை இஞ்ச் அளவு. 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஏறத்தாழப் பொருந்தும், ஆனால் இறுகிய போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

சீட் தண்டவாளத்துக்கு அடியில் மரப்பட்டைகளும் சின்னச் சின்ன இடைக்குழாய்களும் இருக்கும். எந்த வரிசையில் இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மரம் உளுத்திருந்தால் புதிது போட்டுவிடுங்கள்.

அப்புறம் கன்சோல், கியர் லிவர் உறை, சீட் பெல்ட் போல்ட்டுகள், வாசலில் உள்ள உலோகப் பட்டை. பழைய கார்பெட்டைக் கிழிக்காமல் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் இடமா வலமா என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். ஓட்டைகள் எங்கே வர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அளவு கிடையாது.

தரை: உண்மையான வேலை இங்கேதான்

ஈரம் இருந்தால் அது என்ன ஈரம் என்று பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட். ஹீட்டரோ அதன் குழாயோ கசிகிறது. ஓட்டுநர் பக்கம் மட்டும் எண்ணெய்ப்பசையோடு பெயிண்ட் உரிந்திருந்தால், பெடலுக்கு மேலே உள்ள பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. இது பிரேக் சம்பந்தப்பட்டது. கார்பெட்டை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வெறும் தண்ணீர் என்றால் மழை. ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி ரப்பர், கதவு ரப்பர் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். மூன்றாவது ஒன்று உண்டு, புதியவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று புகும் திறப்பில் விழும் மழைநீர், ஒரு ரப்பர் குழாய் வழியாக கியர்பாக்ஸ் டனலுக்குள் (சீட்டுகளுக்கு நடுவே ஓடும் மேட்டுக்குள்) இறங்கி வெளியேற வேண்டும். இலைதழை அடைத்தால் தண்ணீர் தேங்கி, ஹீட்டர் வழியாகக் கால்பக்கம் கொட்டும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். கதவின் அடி ஓரத்தில் உள்ள வடிதுளைகளையும் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

இனி துரு. தரையில் தார்ப்பட்டை ஒட்டியிருக்கும். அதன் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சுரண்டி எடுத்துவிடுங்கள். பழைய ஸ்க்ரூடிரைவரால் தரை முழுவதும், குறிப்பாகத் தரை வாசல் சட்டத்தோடு சேரும் இடத்தில், அழுத்திப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ், துருத்தடுப்பு பிரைமர், அதன் மேல் பெயிண்ட், போதும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் நிறுத்துங்கள். கூரை இல்லாத ரோட்ஸ்டரின் பலமே வாசலுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிச் சட்டத்தில்தான். பைபர் துணியும் புட்டியும் வைத்து மூடுவது ஏமாற்று வேலை. வெல்டரிடம் கொண்டுபோங்கள். கார்பெட் ஒட்டிய பிறகு வெல்டிங் செய்ய முடியாது என்பதால் இதுதான் தருணம்.

ஒட்டாமல் ஒருமுறை

பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் வைத்துப் பாருங்கள். அடியில் மெத்தை வேண்டுமானால் தண்ணீர் உறிஞ்சாத 'குளோஸ்டு செல்' நுரைத்தாள் நல்லது. சணலை அழுத்திச் செய்த விரிப்பும் சாதாரண ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒட்டும் வரிசை

பின் சக்கர வளைவுகள், சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவர், நடு டனல், வாசல் சட்டம், கடைசியில் கால்பக்கச் சாய்வு. டனல் சூடாகும் இடம், ஆகவே வெப்பம் தாங்கும் காண்டாக்ட் பசை வாங்குங்கள். இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வரை விடுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போங்கள். கதவுகள் திறந்தே இருக்கட்டும். பசையின் ஆவி தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் ஹீட்டரோ சிகரெட்டோ கூடாது.

சக்கர வளைவில் துணி சுருங்கி அடம்பிடிக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி இழுத்தால் படியும். பல எம்ஜிபிகளில் கியர்பாக்ஸ் எண்ணெய் அளவு பார்க்கும் இடம் டனல் பக்கத்தில் ஒரு ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும். உங்கள் வண்டியில் இருந்தால் அந்த இடத்தில் மூன்று பக்கம் வெட்டி, திறந்து மூடும்படி விடுங்கள்.

தரைத் துண்டுகளை மட்டும் ஒட்டாதீர்கள். பிரஸ் பட்டனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் கழற்றி வெயிலில் போடலாம், அடியில் துருவையும் அவ்வப்போது பார்க்கலாம்.

ஓட்டைகளும் சீட்டும்

கார்பெட்டில் டிரில் போடவே கூடாது. டிரில்லின் நுனியில் நூல் சிக்கினால் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வரும். கூரிய ஊசியால் அடியிலிருந்து குத்தி இடத்தைக் கண்டுபிடியுங்கள். நைலான் என்றால் சூடான சால்டரிங் அயர்னால் உருக்கி ஓட்டை போடுங்கள், ஓரமும் பிரியாது. கம்பளிக்குத் தோல் வேலைக்காரர்களின் துளைப்பான் சரி.

சீட் பெல்ட் போல்ட்டுகளுக்கு அவற்றின் வாஷரும் இடைக்குழாயும் பழைய வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும். சீட்டைப் பூட்டியதும் தண்டவாளம் தடையில்லாமல் ஓடுகிறதா, இரண்டு பக்கமும் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

பேட்டரியை மாட்டுவதற்கு முன் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்தி விடுங்கள். புதுக் கார்பெட் பழையதைவிடத் தடிப்பு, பெடல் அதில் சிக்கித் திரும்பாமல் நிற்கக்கூடும். சிக்கினால் அந்த இடத்தின் அடி நுரைத்தாளை வெட்டி எடுங்கள். கிளட்ச், பிரேக் பெடல்களையும் அப்படியே சோதியுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கார்பெட் அமுங்கி சீட் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், இன்னொரு முறை ஸ்பேனர் போடுங்கள்.