ஆட்டு இதயமும் இரண்டு மஞ்சப்பையும்

கறிக்கடை பாயிடம் வெள்ளிக்கிழமையே சொல்லி வைத்துவிடுங்கள். "பாய், இதயம் அஞ்சு வேணும். கீறக் கூடாது. மேலே இருக்கும் குழாயை ரெண்டு விரல் நீளத்துக்கு விட்டு அறுங்க." இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். கடைக்காரர்கள் வழக்கமாக ரத்தக்கட்டி போவதற்காக இதயத்தைக் கீறி, குழாய்களை ஒட்ட நறுக்கித்தான் தருவார்கள். குழம்புக்கு அது சரி, வகுப்புக்கு உதவாது. முதல் வருடம் நான் வாங்கிப்போன மூன்றும் அப்படித்தான் இருந்தன. பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் மூன்று துண்டு கறி இருந்தது, அவ்வளவுதான்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆய்வகம் என்றால் ஒரு பீரோவும் ஒரு நுண்ணோக்கியும். இதயமும் மரபியலும் ஒரே வருடத்தில் வருகிற பாடங்கள். இரண்டையும் கரும்பலகையில் படம் போட்டே பல வருடம் ஓட்டியவள் நான்.

ஞாயிறு காலை வாங்கியதைத் திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு வைத்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகிவிடும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் மாமியாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டுப் பேருக்கு ஓர் இதயம், ஒரு தட்டு, ஒரு கத்தரிக்கோல். கத்தி கொடுக்காதீர்கள். கையுறை எல்லோருக்கும் உண்டு. கறி தொடாத வீட்டுப் பிள்ளைகளையும் வயிற்றைப் புரட்டுகிறவர்களையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்கள் படம் வரையட்டும், அளவு குறிக்கட்டும்.

வெட்டுவதற்கு முன்னால் கையால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கூர்முனை கீழே இருக்கும்படி பிடித்து இரண்டு பக்கமும் அமுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று இருக்கும், மறுபக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். கெட்டிப் பக்கம்தான் இடது. "ஆனா எனக்கு வலது பக்கமா இருக்கே டீச்சர்?" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். எதிரில் நிற்கிற ஆளின் இடது கை நமக்கு எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேளுங்கள், போதும். அப்புறம் மேலே உள்ள குழாய்களில் விரலை விடச் சொல்லுங்கள். தடித்த சுவருள்ள குழாயில் விட்ட விரல் கெட்டியான அறைக்குள் போகும். அது பெருந்தமனி. அதைவிட மெல்லிய சுவருள்ள நுரையீரல் தமனி வலது அறைக்குக் கொண்டுபோகும்.

இப்போது தண்ணீர். முதலில் உள்ளே இருக்கும் ரத்தக்கட்டிகளைக் குழாயடியில் நன்றாக அலசி எடுத்துவிடுங்கள். கட்டி மாட்டியிருந்தால் வால்வு மூடாது. நான் அரை மணி நேரம் திணறியது அதனால்தான். அலசிய பின் பெருந்தமனியைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே ஓடிவிடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஓடாது, குழாயிலேயே தேங்கும். எட்டிப் பார்த்தால் மூன்று அரைச்சந்திர இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருப்பது தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்லக் குறையும். அதை வால்வின் குறை என்று விட்டுவிடாதீர்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் அந்த இதழ்களுக்கு மேலேதான் கிளம்புகின்றன. அந்தச் சின்ன ஓட்டைகளைத் தேடச் சொல்லுங்கள். மாரடைப்பு எங்கே நடக்கிறது என்று அப்புறம் விளக்கவே வேண்டியதில்லை.

பிறகு இடது ஆரிக்கிளில், அதாவது மேல் அறையில், கத்தரியை விட்டு வெளி ஓரமாகக் கூர்முனை வரை வெட்டி, புத்தகம்போல் விரியுங்கள். ஈரிதழ் வால்வின் இதழ்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, சுவரில் மேடுபோல் நிற்கும் தசையைப் பிடித்திருக்கும். இதழை இடுக்கியால் மேலே தூக்கினால் நூல்கள் விறைக்கும். எங்கள் வகுப்பில் ஒருத்தி, "குடை காத்துல திரும்பிக்காம கம்பி பிடிக்கிற மாதிரி" என்றாள். அதை அப்படியே வருடா வருடம் நானும் சொல்லி வருகிறேன். வலது பக்கத்தையும் அதேபோல் வெட்டி, இரண்டு வெண்ட்ரிக்கிள்களின், அதாவது கீழ் அறைகளின், சுவர்களையும் ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளுகிறது, இன்னொன்று உடம்பு முழுக்கத் தள்ளுகிறது. அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் வந்து நிற்கும்.

முடிந்ததும் சோப்பு, டெட்டால். இறைச்சியைப் புதைக்கும்போது இரண்டு அடியாவது தோண்டுங்கள். நாங்கள் ஒருமுறை மேலோட்டமாக மூடிவிட்டு வந்தோம். மறுநாள் பிரேயர் நேரத்தில் ஒரு நாய் அதைக் கொடிக்கம்பத்தடியில் கொண்டுவந்து வைத்தது.

இதயம் கிடைக்காத வாரம் பிராய்லர் கடையில் கோழிக்கால் வாங்குங்கள். வெட்டிய முனையில் வெள்ளையாகத் தெரியும் தசைநாணை இடுக்கியால் இழுத்தால் விரல்கள் மடங்கும். உடனே பிள்ளைகள் தங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மரபியலுக்கு வருவோம். வாழைப்பழ டிஎன்ஏ சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். மசித்த பழத்தோடு உப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம், தண்ணீர் கலந்து, வேட்டித்துணியில் வடிகட்டி, குளிரவைத்த ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமாக மெதுவாக ஊற்றினால் வெள்ளை இழைகள் மிதக்கும். அடுப்பு பக்கத்தில் செய்யாதீர்கள். இழையில் டிஎன்ஏயோடு புரதமும் பெக்டினும் கலந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பார்க்க அழகு, ஆனால் இதிலிருந்து பாரம்பரியம் எப்படி நடக்கிறது என்பது புரியாது.

அதற்குப் புளியங்கொட்டை. நம் ஊர்ப் பக்கம் மாசி, பங்குனியில் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டுவார்கள், கொட்டைக்குப் பஞ்சமில்லை. முதலில் தாயம் ஆடுகிற மாதிரி ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டிப் பார்த்தேன். தேய்த்த பக்கம் தட்டையாகி அடியிலேயே படிந்தது, பழுப்பே அதிகம் விழுந்தது. தாயத்துக்கு அது சுவாரசியம். பட்டாணிச் செடிகளை வைத்துப் பாரம்பரியக் கணக்கைக் கண்டுபிடித்த மெண்டலுக்கு ஆகாது, அங்கே இரண்டுக்கும் சம வாய்ப்பு வேண்டும்.

இப்போது இரண்டு மஞ்சப்பை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரே அளவான 50 கொட்டை. அவற்றில் 25க்கு வொயிட்னரில் சின்னப் பொட்டு, கையில் தட்டுப்படாத அளவுக்கு. அல்லீல் என்றால் ஒரே ஜீனின் வேறு வேறு வடிவம். பொட்டில்லாதது ஓங்கு அல்லீல், பொட்டுள்ளது ஒடுங்கு அல்லீல். ஒரு பை அப்பா செடி, இன்னொன்று அம்மா செடி. பார்க்காமல் ஆளுக்கொன்று எடுத்துச் சேர்த்தால் ஒரு பட்டாணி. இரண்டிலும் பொட்டு இருந்தால் மட்டும் சுருங்கிய விதை, மற்றதெல்லாம் உருண்டை. ஜோடிக்கு 20 தடவை. புத்தகத்தில் இருப்பது மூன்று உருண்டைக்கு ஒரு சுருங்கியது. ஒரு ஜோடிக்கு 11க்கு 9 வந்தது, "புத்தகம் தப்பு" என்றார்கள். 20 ஜோடியின் கணக்கையும் பலகையில் கூட்டியபோது மூன்றுக்கு ஒன்றை ஒட்டி வந்து நின்றது. மெண்டல் எண்ணியது 7,324 விதைகள், உருண்டை 5,474, சுருங்கியது 1,850. 1866இல் அவர் அச்சிட்ட கணக்கு. அவ்வளவு ஏன் எண்ணினார் என்பது அந்த 11க்கு 9 ஜோடிக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நாக்கை மடிப்பது, காது மடல் என்று வீட்டுக்கு அனுப்பிக் கணக்கெடுக்காதீர்கள். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு நாக்கு மடியும், இன்னொருவருக்கு மடியாது. ஒற்றை ஜீன் கணக்கில் அது அடங்காது. "எங்க அப்பாவுக்கு வராது, அம்மாவுக்கும் வராது, எனக்கு மட்டும் வருது" என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால் வகுப்பு எங்கே போகும் என்று யோசியுங்கள்.

கடைசியாக அதே பைகள். அம்மா பையில் பொட்டில்லாத கொட்டை மட்டும், அதாவது எல்லாமே எக்ஸ் குரோமோசோம். அப்பா பையில் பாதி எக்ஸ், பாதி பொட்டு வைத்த ஒய். இரண்டு எக்ஸ் சேர்ந்தால் மகள், ஒய் வந்தால் மகன். எடுக்க எடுக்க மகன், மகள் என்று எழுதச் சொல்லுங்கள். வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நீட்டித்த மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. அதனால் இந்த இடத்தில் நான் எதுவும் பேசுவதில்லை. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு யாராவது கேட்பார்கள். போன வருடம் பின்பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்: "அம்மா பையில எப்பவும் ஒண்ணேதான் டீச்சர் வருது. அப்ப எங்க பெரியம்மாவ ஏன் திட்டுனாங்க?"

அடுத்த கேள்வியும் கூடவே வரும்: மூன்று பெண் வந்துவிட்டது, நாலாவது ஆண்தானே? அதற்காகத்தான், எடுத்த கொட்டையை ஒவ்வொரு முறையும் திரும்பப் பையிலேயே போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள்.