முதல்முறை இன்ஸ்டால் செய்பவரை மறக்காதீர்கள்: ஓப்பன் சோர்ஸ் வெளியீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் (யாரும் கோடைப் பார்த்து, பயன்படுத்தி, மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) புதிய பதிப்பை வெளியிடும்போது நம் கவனமெல்லாம் புதிய வசதிகளின் மேல்தான் இருக்கும். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வேலூருக்குப் படிக்க வரும் மாணவிக்கு அதெல்லாம் அப்புறம்தான். முதலில் அது அவளுடைய லேப்டாப்பில் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுவாள். உங்களிடம் வந்து சொல்லவும் மாட்டாள். வேலூர், காட்பாடி பக்கம் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. அவர்களை இப்படி வாசலிலேயே இழப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எழுதியவரே தன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று வெளியிடுவது. அந்தக் கணினியில் தேவையான லைப்ரரிகள் (மென்பொருள் ஓடத் தேவைப்படும் துணைக் கோடுகள்) எப்போதோ ஏறியிருக்கும். ரீட்மீயில் (மென்பொருளோடு வரும் வழிமுறைக் குறிப்பில்) விட்டுப்போன படி எதுவென்று அங்கே தெரியவே தெரியாது. அதனால் முதலில் ரிலீஸ் கேண்டிடேட் ஒன்றை, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, வெளியிடுங்கள். புராஜெக்டை இதுவரை பார்த்திராத ஒருவரை, எதுவும் ஏற்றாத கணினியில் ரீட்மீயை மட்டும் கொடுத்து உட்கார வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் ரீட்மீயைத் திருத்த வேண்டும்.

அந்தச் சோதனையை விண்டோஸிலும் செய்யுங்கள். நீங்கள் லினக்ஸ் வைத்திருக்கலாம். மாணவர்கள் வீட்டில் பெரும்பாலும் 4 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கும். பைத்தான் மொழியில் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) குறிப்பிடாமல் தமிழ் ஃபைல் ஒன்றைத் திறந்தால் லினக்ஸில் ஒழுங்காக ஓடும். விண்டோஸில் பல நேரம் எழுத்துகள் சிதைந்து வரும், இல்லையென்றால் எரர் காட்டி நின்றுவிடும். தமிழ் எழுத்துகளையும் கையாளும் என்கோடிங்கான யூடிஎஃப்-8 என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்துவிடுகிற சிக்கல் இது. யூசர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் ஃபோல்டர் பாதை உடைகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், டவுன்லோடு அளவு. போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கிறவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி போல அளவான டேட்டாதான் கிடைக்கும். 3 ஜிபி டாக்கர் இமேஜ் (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பெரிய பொதி) இல்லாமல் தொடங்க ஒரு வழி கொடுங்கள். அளவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

அடுத்து 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிள். புதியவர் முதலில் எடுத்துச் செய்ய ஏற்ற வேலை (இஷ்யூ) என்று காட்டும் அடையாளம் அது. யாருக்கும் செய்ய மனமில்லாத சிக்கலான வேலைக்கு அதை ஒட்டிவிடுகிறார்கள். இது புதியவருக்குச் செய்யும் அநியாயம். நல்ல முதல் வேலை எப்படி இருக்கும்? உங்கள் மென்பொருளில் மாவட்டப் பட்டியல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பழைய பட்டியலைத் திருத்துவது இந்த ஊர்ப் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாத வேலை. எந்த ஃபைலில் மாற்ற வேண்டும், எந்த டெஸ்ட்டை ஓட்ட வேண்டும் என்று மட்டும் இஷ்யூவில் எழுதிவிடுங்கள். அந்தச் சின்ன மாற்றத்திலேயே ஃபோர்க் (தனக்கென ஒரு நகல் எடுப்பது), பிராஞ்ச் (அதில் தனிக் கிளை), கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்வது), புல் ரிக்வெஸ்ட் (அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பது) எல்லாம் அவருக்குப் பழகிவிடும். அதை அவசரத்தில் நீங்களே முடித்துவிடாதீர்கள்.

லைசென்ஸ் ஃபைல் இல்லாமல் வெளியிடவே கூடாது. கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்பதற்காக அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவரிடமே இருக்கும். மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தருவது லைசென்ஸ்தான். எம்ஐடியோ ஜிபிஎல்லோ, அப்படிப்பட்ட ஒரு லைசென்ஸைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிடுங்கள். பதிப்பு எண்ணிலும் கவனம் வேண்டும். பழைய முறையில் எழுதியது இனி ஓடாது என்றால் 1.4இலிருந்து 1.5 என்று போகாமல் 2.0 என்று போடுங்கள். சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியலில்) முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு வெளியிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். கேள்விகள் அதிகம் வருவது முதல் சில நாட்களில்தான். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவரை வாரக்கணக்கில் காக்க வைக்காமல், "பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்" என்றாவது அன்றே எழுதுங்கள்.